வலிக்கு நாலரை மார்க்

அன்பு மகனுக்கு, அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எல்லாக் கடிதத்தையும் இப்படித்தான் தொடங்குகிறேன், ஆனால் இந்த முறை நலம் என்று எழுதும்போதே கை கொஞ்சம் தயங்கியது, அதற்கு விரல் வலி மட்டும் காரணமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், லீவு போட்டு வரட்டுமா, உண்மையைச் சொல்லும்மா என்று கேட்டாய். நான் வழக்கம்போல, எனக்கென்ன கேடு, நல்லாத்தான் இருக்கிறேன், வீணாக அலையாதே என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதனால் நீ கேட்டதற்குப் பதிலைக் கடிதத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் என்றால் நீ நடுவில் புகுந்து என்னைக் குழப்புவாய். எழுத்தெல்லாம் கோழிக் கிறுக்கலாக இருக்கிறது, விட்டு விட்டு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

போன மாதம் மூட்டுவாதப் பிரிவுக்குப் பரிசோதனைக்குப் போயிருந்தோம். அந்தக் கூடத்தை நீ பார்த்ததில்லை. நீளமான அறை, சுவர் ஓரமெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள், அத்தனையும் தாழ்வானவை. முழங்கால் மடங்காதவர்கள் வருகிற இடத்துக்கு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத நாற்காலியாகப் பார்த்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கதவுக்குக் கைப்பிடியாக உருண்டையாக ஒரு பித்தளைக் குமிழ், அதைத் திருப்ப எங்களில் யாராலும் முடியாது. வெளியே நாலு பேர் நிற்போம், நல்ல கையோடு யாராவது வந்து திறந்தால் கூட்டமாக உள்ளே போவோம். அன்றைக்கு உள்ளே போனால் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் கட்டுக் கட்டாகத் தாளை வைத்துக்கொண்டு நிற்கிறாள். சர்வே எடுக்கிறார்களாம். நோயாளி தன் நோயைப் பற்றியும் வைத்தியத்தைப் பற்றியும் என்ன நினைக்கிறார், அதே நோயாளியைப் பற்றி டாக்டர் என்ன நினைக்கிறார், இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். நோயாளிக்கு ஒரு தாள், கூட வந்தவருக்கு ஒரு தாள், டாக்டருக்கு ஒரு தாள். அந்தப் பெண் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததுதான் தாமதம், என் பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், கால் கட்டைவிரல் வீங்கி ஒற்றைச் செருப்போடு வருகிற மனிதர், என் தாளை எட்டிப் பார்த்து, மூணாவதுக்கு என்ன போட்டீங்க என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷம் கணக்கு டீச்சராகப் பரீட்சைக் கூடத்தில் நின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது. எழுந்தேன், அதாவது உன் அப்பா தூக்கிவிட எழுந்தேன். அவரவர் தாளை அவரவர் பாருங்கள் என்று ஒரு சத்தம் போட்டேன், கூடம் கப்சிப். ஒரு கணவனும் மனைவியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தேன். முடித்தவர்கள் தாளை என்னிடம் கொண்டுவந்தார்கள், பெயர் எழுதாதவர்களைத் திருப்பி அனுப்பி, வலது பக்க மூலையில் பெயர் எழுதச் சொல்லி, வாங்கி அழகாக அடுக்கி வைத்தேன். அந்தப் பெண் திரும்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பெயரே எழுதக் கூடாத தாளாம் அது. ஆளைத் தெரியாமல் இருந்தால்தான் மனதில் இருப்பதை எழுதுவார்களாம், தாளுக்குத் தாள் ஓர் எண் மட்டும் போதுமாம். இதை முன்னாலேயே சொல்ல வேண்டாமா. பாவம், கத்தரிக்கோல் வாங்கிவந்து அத்தனை தாளின் மூலையையும் வெட்டினாள். உன் அப்பா என்னைத் தெரிந்தவர் மாதிரியே காட்டிக்கொள்ளாமல் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் தாளைப் பற்றிச் சொல்லவில்லையே. கேள்வித்தாளைக் கையில் கொடுத்தால் எனக்குச் சிவப்புப் பேனாதான் ஞாபகம் வரும், கைப்பையில் ஒன்று எப்போதும் கிடக்கும். ஏழாவது கேள்வி, டாக்டரின் கனிவும் காத்திருக்கும் நேரமும் உங்களுக்குத் திருப்தி அளிக்கின்றனவா என்று இருந்தது. டாக்டரம்மா தங்கம், காத்திருப்பது நரகம், இதற்கு ஆம் என்பதா இல்லை என்பதா. இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டாதீர்கள், பிரித்துக் கேளுங்கள் என்று ஓரத்தில் எழுதினேன். கடைசியில் ஒரு கோடு போட்டுப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் எழுதியிருந்தது. போன வாரம் உங்கள் வலி எவ்வளவு, பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் உயிர் போகிற வலி. நிதானமாக யோசித்தேன். எனக்கு உயிர் போகவில்லை, ஆகவே பத்து கிடையாது. ஒன்பது என்றால் உயிர் வாசல் வரைக்கும் போய் எட்டியாவது பார்த்திருக்க வேண்டும். எட்டும் ஏழும் அழுது புரண்டு ஊரைக் கூட்டுகிறவர்களுக்கு. நான் எழுந்து, குளித்து, பஸ் ஏறி வந்திருக்கிறேன். ஐந்து போடலாம் என்று பார்த்தேன், அதிலும் ஒரு தாராளம் தெரிந்தது. நாலரை போட்டேன். அந்த அரை மார்க்கும், காலையில் பொத்தான் போடும்போது கண்ணில் தண்ணீர் வந்ததற்காக இரக்கப்பட்டுச் சேர்த்தது. என் திருத்தம் உனக்குத் தெரியாததா, என் வகுப்பில் படித்த பாவத்துக்கு நீயே அறுபதைத் தாண்டியதில்லை.

இதற்கு நடுவில் உன் சித்தி தினம் ஒரு வைத்தியம் சொல்கிறாள். ஒரு நாள் கையை வெந்நீரில் வை என்கிறாள், மறுநாள் ஐஸ் கட்டியில் வை என்கிறாள். இரண்டையும் கூட்டினால் பச்சைத் தண்ணீர்தானே வரும் என்றேன், பட்டென்று போனை வைத்துவிட்டாள். அவளிடம் நீ ஒரு வார்த்தை பேசிச் சமாதானம் செய், நான் செய்தால் இன்னும் கெட்டுப்போகும்.

இரண்டு வாரம் கழித்து அந்த சர்வே பெண் போன் செய்து, உங்கள் தாளைப் பற்றிப் பேச வேண்டும், நீங்கள் சம்மதித்தால் டாக்டரையும் உங்கள் கணவரையும் உட்கார வைத்தே பேசலாம் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாவது கேள்வியைத் திருத்தியதற்குப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, மற்ற கேள்விகளில் இருக்கும் குறைகளையும் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். போனால் அங்கே மேஜை மேல் மூன்று தாள்கள். என் தாளில் நாலரை. டாக்டரம்மா தாளில் என் வலிக்கு மூன்று, நோய் கட்டுக்குள் இருக்கிறது, மருந்தை மாற்ற வேண்டியதில்லை. உன் அப்பா தாளில் ஒன்பது.

எனக்கு மானமே போயிற்று. இந்த மனிதர் லேசான இருமலுக்கே உயில் எழுத உட்காருகிறவர், இவர் போட்ட மார்க்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றேன். அந்தப் பெண் உன் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னையும் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்டில இருக்கிற மூடியெல்லாம் காலையில நான்தான் திருகித் தளர்த்தி வைக்கிறேன். முதல்ல மாத்திரை பாட்டில் மட்டும்தான். அப்புறம் சர்க்கரை டப்பா, பற்பசை, தண்ணி பாட்டில். இப்ப ஒண்ணு விடாம எல்லாம். அதை வெச்சுத்தான் ஒன்பதுன்னு போட்டேன்."

கண்ணு, ஒரு வருஷமாக நான் அவரை அதற்காகத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். சர்க்கரையில் எறும்பு, பற்பசை காய்ந்துபோகிறது, ஒரு மூடியை ஒழுங்காக மூடத் தெரியாத மனிதருக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று உன்னிடமும் எத்தனை தடவை போனில் புலம்பியிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை, உட்கார்ந்து எறும்பைப் பொறுக்கிப் போடுவார். எனக்கு அங்கேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, அதற்காக ஒன்பது கொஞ்சம் அதிகம்தான் என்று சொன்னேன். என் வாய் அப்படி, என்ன செய்வது.

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என் விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, பத்து என்றால் உங்களுக்கு என்ன டீச்சர் என்று கேட்டார். தாளில் எழுதியிருக்கிறதே, உயிர் போவது என்றேன். "உயிர் போனவங்க யாரும் என்கிட்ட வந்து நம்பர் சொல்ல மாட்டாங்க டீச்சர். உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பத்து," என்றார். கணக்கில் மடக்கினால் எப்போதுமே நான் ஒத்துக்கொள்வேன். முஷ்டியை மடக்கச் சொன்னார், மடங்கவில்லை. காலையில் எழுந்ததும் கை எப்படி இருக்கும் என்று கேட்டார். அப்போதுதான் மற்றதும் வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் நான் வலி மாத்திரை ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டு, வெந்நீரில் கையை ஊறவைத்து, வழிக்குக் கொண்டுவந்துதான் கிளம்புவேன். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி சோதனைக்கு வருகிற நாளில் வகுப்பைக் கூட்டிப் பெருக்கி வைக்க மாட்டோமா, அந்த மாதிரி. வீக்கம் இருக்கிறதே என்று டாக்டரம்மாவுக்கும் அவ்வப்போது தோன்றியதாம், ஆனால் இந்த அம்மாள் நல்லா இருக்கேன்னு சிரித்துக்கொண்டே சொல்கிறாரே என்று விட்டுவிட்டாராம்.

உடனே எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். வலது கையில் இரண்டு விரல் மூட்டில் எலும்பு அரிக்கத் தொடங்கியிருக்கிறது. இது நல்ல செய்தி இல்லை, ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போதே பலமான மருந்துக்கு மாறினால் அங்கேயே நிறுத்த முடியலாம், விட்டால் விரல் மடங்கினபடி நின்றுவிடும் என்றார். நிற்குமா என்று கேட்டேன், வாய்ப்பு நன்றாக இருக்கிறது, மூன்று மாதம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். பொய் சொல்லாமல் பேசினார், அது பிடித்திருந்தது. வெளியே வரும்போது, டாக்டர்களுக்கான தாளில், உங்கள் நோயாளிகளின் வலியை எவ்வளவு அறிந்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்குத் தனக்குத் தானே ஒன்பது போட்டுக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தார், சிரிப்பில் சிரிப்பில்லை. நீங்க எத்தனை போடுவீங்க டீச்சர் என்றார். ஆறு என்றேன். அவருக்கு என் ஆறின் மதிப்பு தெரியாது, உனக்குத் தெரியும்.

இப்போது வாரம் ஒரு ஊசி, வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும், உன் அப்பாதான் போடுகிறார். நர்ஸம்மா ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துப் பழகச் சொன்னார். உன் அப்பா வீட்டுக்கு வந்து ஒரு கூடை பழம் வாங்கிவிட்டார். ஒவ்வொரு பழத்திடமும், கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோ என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவார். என்னிடம் அப்படிச் சொல்வதில்லை, கண்ணை இறுக மூடிக்கொள்கிறார், நான்தான் இடத்தைக் காட்டித் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்வே பெண்ணும் போனில் பேசினாள். ஏழாவது கேள்வியை இரண்டாகப் பிரித்துவிட்டார்களாம், வலிக் கோட்டுக்குக் கீழே, இந்த வாரம் உங்கள் கையால் எதைச் செய்ய முடியவில்லை என்று புதிதாக ஒரு கேள்வியும் சேர்த்திருக்கிறார்களாம். இதை நான் யாரிடமும் பெருமையடித்துக்கொள்ளவில்லை, உன் சித்தியிடம் மட்டும் சொல்லலாம் என்று பார்த்தால் அவள் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள்.

கண்ணு, நீ கேட்டதற்குப் பதில். போன ஞாயிற்றுக்கிழமை நல்லாத்தான் இருக்கிறேன் என்று சொன்னபோது எனக்கு எட்டு. இன்றைக்கு ஏழரை. பயப்படும்படி ஒன்றுமில்லை, உன் அப்பா இருக்கிறார், மருந்து இருக்கிறது. மகன் வந்து என்ன செய்யப் போகிறான், வலியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவா போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இத்தனை நாளும் உன்னை வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். வந்து பக்கத்தில் உட்கார், அது போதும். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, லீவு போட்டு வா.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, முதுகு உனக்கு ஒன்றுதான் இருக்கிறது. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல், நீண்ட ஆயுளோடு இருக்க இருவர் ஆசியும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, வந்ததும் மணியை அடித்துவிட்டு வெளியே நில். உன்னிடம் சாவி இருக்கிறது என்பது தெரியும், இருந்தாலும் அதைப் போட்டுத் திறந்துவிடாதே. உன் அப்பாவையும் எழுந்திருக்க விடமாட்டேன். கொஞ்சம் நேரமாகும், காத்திரு, நானே வந்து திறக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா