நாய் தேடுகிறது என்று சொன்னேன்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறரைக்கு மனைவியிடமிருந்து போன். எடுத்ததும், “தடியன் சாப்பிட்டானா?”

சாப்பிட்டான். என் இடது கால் செருப்பையும் சேர்த்துச் சாப்பிட்டான். சொன்னேன், சிரித்தாள். பிறகு நான், “உன்னைத்தான் தேடறான். வாசலே கதின்னு படுத்துக் கிடக்கான்,” என்றேன். “மேனேஜரம்மா?” என்றாள். தடியன் எங்கள் நாய், மேனேஜரம்மா பூனை. யார் வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியபடி மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பதவி. “அவளும்தான் தேடறா,” என்றேன்.

நான்கு மாதமாக இதே பேச்சு. அவள் லிஃப்ட் என்ஜினியர். ஒன்பது மணி நேரப் பயணத்துக்கு அப்பால், ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் பதினோரு லிஃப்ட் பொருத்திக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அவள் வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது ‘போகாதே’ என்று சொல்லக் கூடாது. போனபின் ‘வா’ என்று சொல்லக் கூடாது. போட்டது நான்தான். எட்டு வருடத்துக்கு முன்பு, கல்யாணமான புதிதில், அவள் போன பத்தாம் நாள் நான் போனில் அழுது தொலைத்தேன். பாவி மகள், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். அதன்பின் இரண்டு வருடம் கம்பெனியில் அவளுக்கு உருப்படியான வேலை எதையும் கொடுக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில் போட்ட சட்டம். அப்புறம் தடியன் வந்தான். சொல்ல முடியாததையெல்லாம் அவன் தலையில் கட்டப் பழகிவிட்டோம்.

ஜூன் 5, வியாழன்

அவள் தலையணையில் மேனேஜரம்மா படுத்திருந்தாள். விரட்டினேன். பிறகு போய்த் தூக்கிவந்து மறுபடி அங்கேயே விட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

தடியனோடு ஏரிக்கரைக்குப் போனேன். மூவருமாகப் போகிற இடம். முதல் மாதம் அவளைப் போல நீலச் சட்டை போட்ட பெண் யார் வந்தாலும் ஓடிப்போய் மோந்து பார்ப்பான், ஏமாந்து திரும்பி வருவான். இன்று? நீலச் சட்டை மூன்று பேர் போனார்கள். துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ போட்ட பிஸ்கட்டைத் தின்றான், தண்ணீரில் விழுந்து புரண்டான், என் மேல் உதறினான். அப்படி ஒரு சந்தோஷம்!

அவனுக்குப் பழகிவிட்டது. எனக்கு வந்தது பார் கோபம். “ஏன்டா, சோறு போட்டவளை மறந்துட்டியா?” என்று கரையில் நின்று கத்தினேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் ஒதுங்கிப் போனார்.

மாலையில் அவளிடம், “கரை பூரா உன்னைத்தான் தேடினான்,” என்றேன். நாய்க்கு நான் கொடுத்த வேஷம்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று வந்தாள், இன்று மத்தியானம் போய்விட்டாள். ஒன்றரை நாள். கையில் கிரீஸ் கறை, கன்னம் ஒட்டிப்போய், தலைமுடியை வெட்டியிருந்தாள். ‘ஏன் வெட்டினே’ என்று கேட்க வாய் வரை வந்தது. “நல்லா இருக்கு,” என்றேன். நல்லாத்தான் இருந்தது.

இன்று காலை ஏரிக்கரையில் நடந்தோம். தடியன் முன்னால் ஓடினான். அப்போதுதான் சொன்னாள்: வேலை முடிந்ததும் பராமரிப்புக்கு அங்கேயே ஒரு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். அவளுக்குக் கீழே ஆறு பேர். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“நீ என்ன சொல்றே?”

“உன் இஷ்டம்.”

“எனக்குத் தெரியும் என் இஷ்டம்னு. நீ என்ன சொல்றேன்னு கேட்டேன்.”

“எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்? நீ பாரு.”

என் முகத்தையே பார்த்தாள். தடியனைக் கூப்பிட்டு அவன் காதைத் தடவிக்கொண்டே நின்றாள்.

நல்லாத்தானே இருக்கேனாம். நாக்கில் சனி.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு வருடம். ஏற்கெனவே நான்கு மாதம். ‘போகாதே’ என்றால் மறுபடி அவள் வேலையைக் கெடுத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால்—

காலையில் போனில் சொல்லிவிட்டேன்: “தடியன் ரெண்டு நாளா சாப்பிடல. நீ போனதுலேர்ந்து தட்டைத் தொடவே இல்ல.”

நான் இதைச் சொல்லும்போது அந்த மூதேவி இரண்டாவது தட்டை நக்கிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுவிடப் போகிறதே என்று பாத்ரூமுக்குள் போய்ப் பேசினேன். அவள் குரல் உடைந்துவிட்டது. ஐயோ, என்ன காரியம் செய்தேன்?

ஜூன் 18, புதன்

மாட்டிக்கொண்டேன்.

பதறிப்போய் நேராகக் கால்நடை டாக்டரம்மாவுக்கே போன் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமைதான் நான் அவனைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சொன்னாராம்: “சாப்பிடலையா? ரெண்டு கிலோ ஏறியிருக்கு, தீனியைக் குறைங்கன்னு அவர்கிட்ட சொல்லி அனுப்பினேனே!”

அப்புறம் எனக்கு விழுந்தது பூசை. “லீவு எழுதிக் கொடுத்துட்டேன் தெரியுமா? பஸ்ஸுக்குக்கூடக் கிளம்பிட்டேன். வாயில்லா ஜீவன் மேல பழி போடறியே, வெக்கமா இல்ல?”

“இல்ல, அது வந்து...”

“நாலு மாசமா நாய் தேடுது, பூனை தேடுதுன்னு கேக்கறேன். அந்த வீட்டுல மனுஷன் யாரும் என்னைத் தேடலையா?”

வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 19, வியாழன்

போன் வரவில்லை. நானும் போடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு? கடையில் ஒரு பெரியவருடைய வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, தரை மேல வருது,” என்றார். பதினெட்டு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. முதலாளி என் கையிலிருந்து வாங்கி அவரே சரிசெய்தார்.

ஜூன் 20, வெள்ளி

பதினொன்றரைக்கு லென்ஸ் தேய்க்கும் அறையில் மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

“நான்தான் தேடறேன்,” என்றேன். “தடியன் தேடல. அவன் பாட்டுக்கு ஜாலியா இருக்கான். எனக்குத்தான் முடியல. உன் சோப்பு தீர்ந்துபோச்சு, அதே சோப்பைத் தேடிப்பிடிச்சு வாங்கிவந்து வெச்சிருக்கேன். யார் குளிக்கறதுக்கு? உன் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கழுவி வைக்கறேன். நீ இல்லாம எனக்கு முடியலடி.”

அழுதேன். மெஷினை வேறு நிறுத்தியிருந்தேன், வெளியே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அவளும் அழுதாள். “இதைச் சொல்ல எட்டு வருஷமா உனக்கு? நான் காலைல பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனே. உனக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சுல்ல போட்டேன்.”

ஒன்றரை மணி நேரம் தாமதம்.

“வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடவா?” என்றாள். எட்டு வருடத்துக்கு முன்பு கேட்ட அதே குரல். வா என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது!

“வேணாம். நான் வரேன்.”

“கடை?”

“கண்ணு எல்லா ஊர்லயும்தானே மங்குது?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

ஜூலை 12, சனி

முதலாளியிடம் நேற்றோடு கடைசி. சாமான் ஏற்றியாயிற்று. வேனில் மேனேஜரம்மா கூடைக்குள், தடியன் என் மடியில் முப்பத்திரண்டு கிலோ. ஒன்பது மணி நேரமும் ஒருத்தி கத்தினாள், ஒருத்தன் வாந்தி எடுத்தான். அவள் இருக்கும் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். என்னைத்தான் முதலில் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புதுக் கடையில் மெஷின் இன்னும் கைக்கு வரவில்லை. வெளிச்சமும் போதாது. இருக்கட்டும்.

இன்று அவளுக்குப் பக்கத்து ஊரில் வேலை, மூன்று நாள். மூன்றே நாள்தான். பையைத் தூக்கிக்கொண்டு செருப்பு மாட்டினாள். தடியன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது:

“போகாத.”

கட்டாயம் போவாள் என்று தெரியும். போக வேண்டும் என்பதும் தெரியும். சும்மா சொன்னேன். சும்மா இல்லை, சொல்ல வேண்டியிருந்தது.

பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏழு பத்து பஸ்ஸை விட்டுவிட்டாள். எட்டு மணி பஸ்ஸில் போனாள்.