அத்தை போடாத மாத்திரை

நாவலப்பிட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சஞ்சீவனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், ஜோர்தானில் நீயும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று அவளிடமே சொல்லி வைத்திருக்கிறேன். அப்பன் பேனா பிடித்துவிட்டானே என்று பயப்படாதே, சிரிக்கவும் சிரிக்காதே. நாலாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. பேக்கரியில் பாண் மாவு பிசைகிற கை, எழுத்து உப்பியும் கோணியும்தான் வரும். கார்மெண்ட்ஸில் தையல் பிரிக்கிற மாதிரி பிரித்துப் படித்துக்கொள். உன்னோடு வேலை செய்கிற நிஷாந்தினி லீவு முடிந்து திரும்புகிறாள், அவள் கையில்தான் கொடுத்து விடுகிறேன். வழியில் பிரித்துப் பார்த்தால் அவளுக்குக் கண் அவிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன், பயந்துபோய் வாங்கிக்கொண்டாள்.

மூக்காயி அத்தையின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடி முடிந்தது. அன்றைக்கு ஃபோனில் நீ அழுதுகொண்டே ஒன்று கேட்டாய். அத்தைக்கும் மாமாவுக்கும் ஒரே நோய்தானே, இரண்டு பேருக்கும் இருதயம் வீங்கி ரத்தத்தைத் தள்ளப் பலமில்லை என்றுதானே சொன்னார்கள், ஒரே கிளினிக், ஒரே மாத்திரை, மாமா இருக்கிறார், அத்தை மட்டும் எப்படிப்பா போனாங்க என்று. நான் ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லி ஃபோனை அம்மா கையில் திணித்துவிட்டேன். பதில் எனக்கு அதற்கு முன்னமே தெரியும், ஆனால் ஒரு அப்பன் மகளிடம் பேசுகிற விஷயம் இல்லை அது. அம்மாவைச் சொல்லச் சொன்னேன். சீ போங்க, இதெல்லாம் ஒரு பேச்சா என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இந்த வெட்கந்தான் மகளே என் அக்காவைக் கொண்டு போனது. அதனால் நான் வெட்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எழுதுகிறேன்.

அந்த மாத்திரைகளில் வெள்ளையாகச் சின்னதாக ஒன்று இருக்கிறது, நீர் போகிற மாத்திரை, காலையில் போடச் சொன்னது. உடம்பில் தேங்குகிற தண்ணீரையெல்லாம் அது மூத்திரமாக இறக்கிவிடும், இறக்காவிட்டால் கால் வீங்கும், மூச்சு முட்டும். போட்டால் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஓட வேண்டும், திரும்பத் திரும்ப ஓட வேண்டும். மாமாவுக்கு அதில் என்ன கஷ்டம், தோட்டத்தில் எந்த மரத்தைப் பார்த்தாலும் அவருக்கு அது கக்கூஸ்தான். அக்கா எங்கே ஓடுவாள். அவர்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவாக இருக்கிற கக்கூஸ் பள்ளத்தில் இருக்கிறது, மழை பெய்தால் படி வழுக்கும், கதவும் இல்லை, சாக்குத்தான் தொங்குகிறது. வேலையை விட்டு நின்ற பிறகும் நாள் கூலிக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தாளே, அந்த மலையில் அதுவும் இல்லை. சுற்றி ஆம்பிளைகள், வேலை வாங்குகிற கங்காணி வேறு. அதனால் மலைக்குப் போகிற நாளெல்லாம் அந்த மாத்திரையைப் போடமாட்டாளாம். கிளினிக் நாளிலும் போடமாட்டாளாம், கண்டி வரைக்கும் பஸ்ஸில் என்ன செய்வாள். கம்பளையில் பஸ் கொஞ்சம் நிற்கும், மாமா இறங்கி ஓடிப்போய்விட்டு சாரத்தை இறுக்கிக்கொண்டே ஏறுவார். அக்கா ஜன்னலோரம் பிடித்து வைத்த மாதிரி இருப்பாள். இறங்கிட்டு வர்றியா என்றால், எனக்கு ஒண்ணும் வரல, பஸ்ஸ விட்டுட்டு நிக்கவா என்பாளாம். முதல் நாளிலிருந்தே தண்ணீரும் குடிக்க மாட்டாளாம்.

இதெல்லாம் எனக்கு யார் சொன்னது என்று கேட்பாய். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற பாப்பம்மா, சாவு வீட்டில். நாங்கள் எல்லாரும் மருந்து சரியில்லை, மழை சரியில்லை, கிரகம் சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே வந்தவள் அப்படியே நின்று, யோவ் ஆம்பிளைங்களா, அந்தப் பொம்பள எந்த நாள்ல அந்த மாத்திரய முழுங்குனா, எங்கிட்டதான சொல்லிச் சிரிப்பா, டாக்டருக்கு என்னாடி தெரியும் மலையில கக்கூஸ் இல்லாததுன்னு, என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். மாமா பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன், உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

நினைத்துப் பார், மாமாவுக்கு அவள் எப்படிப் பார்த்தாள். மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, முழுங்கி வாயைத் திறந்து காட்டும் வரைக்கும் நகரமாட்டாள். அவருக்கு உப்பில்லாமல் தனிச் சட்டி. அவர் முகத்தைச் சுளித்தால், உப்பு வேணுமா நான் வேணுமா, ஒண்ணச் சொல்லு என்பாள். அவள் மட்டும் ரொட்டியும் உப்புச் சம்பலும் முடிந்துகொண்டு மலைக்குப் போய்விடுவாள், இரண்டு பேருக்குப் பத்தியம் பார்க்க விறகு ஏது என்பாள். கடைசியில் கொஞ்ச நாளாகப் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கியிருக்கிறாள். கேட்டதற்கு, ஒன் மச்சானுக்குக் காவல் இருக்கேன்டா தம்பி, யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டா என்றாள். தூக்கிட்டுப் போக அவர் என்ன கேஸ் சிலிண்டரா என்று நான் கேட்டேன். அதுதான் அவளும் நானும் கடைசியாகச் சிரித்தது. கிளினிக்கில் டாக்டர் அவளைக் கேட்டாலும் பதில் மாமாதான் சொல்வார், சிங்களம் அவருக்குத்தானே வரும். மருந்து போடுகிறாரா, நீர் நன்றாகப் போகிறதா என்றால், ஹொந்தய் மிஸ், நல்லம் மிஸ் என்று தனக்கும் சொல்லி அவளுக்கும் சேர்த்தே சொல்லிவிடுவார். அக்கா தலையை ஆட்டுவாள். அவரை நீ குறை சொல்லாதே, அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

இப்போது என் கவலையெல்லாம் மாமாதான். காரியம் முடிந்ததும் நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன், லயத்தில் தனியாக விட மனம் வரவில்லை. மற்ற மாத்திரையெல்லாம் போடுகிறார், அந்த வெள்ளை மாத்திரையை மட்டும் தொடமாட்டேன் என்கிறார். நான் அவருக்கென்று உப்பில்லாமல் ஒரு குட்டிப் பாண் சுட்டு வந்து, மாப்பிள்ளைக்குச் சீர் வந்திருக்கு என்று பகிடி பண்ணிப் பார்த்தேன். ஒரு கடி கடித்துவிட்டு, மச்சான் இது பாணா இல்ல மெத்தைப் பஞ்சா என்றார், சரி ஆள் தேறிவிட்டார் என்று மாத்திரையை நீட்டினால் கையை மடக்கிக்கொண்டார். வற்புறுத்திக் கேட்டதற்குச் சொன்னார், அதப் போட்டா அடிக்கடி வெளிய போகணும் மச்சான், ஒவ்வொரு வாட்டி போறப்பவும் அவ அடக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தது வருது, நான் எப்படிப் போவேன் என்று. கால் இரண்டும் வீங்கிவிட்டது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது, அக்காவுக்கு நின்ற மாதிரியே.

போன வாரம் கிளினிக், நானும் கூடப் போனேன். டாக்டர் பொண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், நல்ல பிள்ளை. அம்மாவை, அத்தையைத்தான் அது அப்படிக் கூப்பிடும், ஏன் கூட்டி வரவில்லை, எப்படி இருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்டது. மாமா ஹொந்தய் மிஸ், ஹொந்தய் என்றார். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்து மேசையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த ஓட்டைச் சிங்களத்தில் நான் நடுவில் விழுந்து, பொரு மிஸ், பொரு என்றேன், பொய் என்பதற்கு அதுதான் எனக்கு வந்தது. அம்மா செத்துப்போனாள், அந்த மாத்திரையை அவள் போடவில்லை, பஸ்ஸிலும் மலையிலும் கக்கூஸ் இல்லை, இப்போது இவரும் போடவில்லை என்று வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை பேனாவை வைத்துவிட்டு எங்களையே பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது, ஐயோ அப்பா, அதைக் காலையில்தான் போட வேண்டும் என்றில்லையே, வெளியே போகிற நாளில் வீட்டுக்கு வந்த பிறகு போடலாமே, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நேரத்தை மாற்றித் தந்திருப்பேனே என்று.

அவ்வளவுதான் மகளே. வீட்டுக்கு வந்து போட்டிருக்கலாம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாமா, பேராதனைப் பாலம் தாண்டின பிறகு என் கையைப் பிடித்து, மச்சான், இத இப்ப அவகிட்ட யாரு போய்ச் சொல்றது என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அவராகவே கையை நீட்டி மாத்திரையை வாங்கி முழுங்கினார். வெளியே போனார், அழுதுகொண்டு வந்தார். மறுபடி போனார், மறுபடி அழுதுகொண்டு வந்தார். அழுதுக்கிட்டாவது போங்க மச்சான், போகாம மட்டும் இருக்காதீங்க என்றேன். வீக்கம் இன்னும் வற்றவில்லை, வற்றும் என்று அம்மா விளக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். நீ ஃபோன் எடுக்கும்போது மாமாவிடம் ஆறுதல் சொல்லாதே, அத்தை மாதிரி அதட்டு. முழுங்கினீங்களா, வாயைத் திறங்க என்று கேள். நாங்கள் கேட்டால் ஏமாற்றுவார், உன்னை ஏமாற்ற மாட்டார்.

இன்னொன்று, இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். உங்கள் மெஷின் வரிசையில் எழுந்து போனால் சூப்பர்வைசர் முறைக்கிறாள், அதனால் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை என்று நிஷாந்தினி இங்கே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நீயும் அப்படித்தானாமே. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. தண்ணீர் குடி. முறைத்தால் முறைக்கட்டும், எழுந்து போ. வெட்கமாக இருந்தால், எங்க அப்பன் ஒரு பைத்தியக்காரன், அவன் எழுதி விட்டிருக்கான் என்று என் பேரைச் சொல்லிவிட்டுப் போ.

நீ நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க அப்பா, அம்மா, மாமா மூன்று பேரும் கும்பிட்டுக்கொள்கிறோம். அத்தை பேரையும் சேர்த்து எழுதத்தான் கை போனது.

உன் பாண்காரத் தகப்பன்
கணேஸ்