எல்லாரும் மச்சான்

தாம்பரம் மேற்கு
23.8.2006

அன்பு மகன் அய்மானுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் தங்கை இஃப்ராவும் சுகம், தோஹாவில் உன் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். உன் அத்தாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போன் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு தனம் அக்கா மகன் ரவி வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தாவுக்குக் குடலில் கட்டி, பெரிய ஆபரேஷன் என்பது உனக்குத் தெரிந்ததுதான். நேற்று ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ராஜாராமன் ஒன்று சொன்னார். மயக்கத்தில் இருக்கும்போதே கூடுதலாக ஒரு மருந்து கொடுத்தால் வயதானவர்கள் பிறகு குழப்பமில்லாமல் சீக்கிரம் தேறுகிறார்களா என்று சோதித்துப் பார்க்கிறார்களாம். பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். அத்தா உடனே சரி என்றார். முதலில் ஞாபகசக்தியைப் பார்க்கணும் என்று டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்க, வழக்கம்போல நான் முந்திக்கொண்டு செவ்வாய் என்றேன். நீங்க சொல்லாதீங்கம்மா, அவரே சொல்லட்டும் என்று என்னைத் திரைக்கு வெளியே நிற்க வைத்தார்.

நின்று கேட்டேன் மகனே. கிழமை தெரியவில்லை, மாதமும் தெரியவில்லை. இத்தனை வருஷம் பைப் கடையில் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்ட மனுஷன், நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னால், "அதெல்லாம் ஜஹீராவைக் கேளுங்க மச்சான்" என்கிறார். டாக்டரைப் போய் மச்சான் என்கிறார். ரொம்ப நாளாகவே கடைக்கு வருகிறவர், தெருவில் போகிறவர், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் எல்லாருமே இவருக்கு மச்சான்தான். வயசாக ஆகக் குசும்பு கூடுகிறது என்று நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பெயர் வராததால்தான் மச்சான் என்பது திரைக்கு வெளியே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏற்கெனவே இவ்வளவு மறதி இருப்பவரை அந்தச் சோதனையில் சேர்க்க முடியாதாம், சேர்த்தால் மருந்து வேலை செய்ததா என்று கண்டுபிடிக்க முடியாதாம். குழம்பிப் போகிறவருக்குத்தானே மருந்து, இவருக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு என்று சண்டையே போட்டேன். பாவம், அது டாக்டர் கையில் இல்லையாம். ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் முடியாது, ஆனால் மயக்கம் தெளிந்த பிறகு இப்போது இருக்கிற ஞாபகமாவது மிஞ்சுமா என்று சொல்ல முடியாது என்கிறார். அடுத்த மாதம் நாலாம் தேதி ஆபரேஷன். ஆட்டோவில் திரும்பி வரும்போது அத்தா, "நான் பாஸா?" என்று கேட்டார். பாஸ்தான் என்றேன்.

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். நாலாம் தேதி வரைக்கும் தினமும் போன் செய். போன மாதம் அத்தா உன்னிடம், "இன்னா மச்சான், சௌக்கியமா?" என்று கேட்டாரே, நீ அங்கே விழுந்து விழுந்து சிரித்தாய், நானும் இங்கே சிரித்தேன். இனிமேல் சிரிக்காதே மகனே. அத்தா, நான் அய்மான், உங்க மகன் என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசு.

துஆவுடன்
உன் அம்மா
ஜஹீரா