நீ மாட்டச் சொன்ன தையல் படம்

இன்று காலை சாத்தம் ஜெட்டியில் இறங்கும்போது மழையில் ஊறிய கயிற்றின் வாடை அடித்தது. ஒரு நொடி, நீ எங்கே குந்தியிருக்கிறாய் என்று தேடிவிட்டேன்.

நம் பழக்கம் தொடங்கியதே அந்த இடத்தில்தான். அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் ஒரே ஃபெர்ரியில் ஆபீசுக்கு வருவோம். முகம் தெரியும், பேசியதில்லை. ஒரு நாள் நீ ஜெட்டி ஓரத்தில் குந்தி, படகு கட்டும் கயிற்றின் பிரிந்த நார்களைப் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தாய். “மேடம், ஹடோ! ரஸ்ஸி ஆ ரஹா ஹை!” என்று படகுக்காரர் உன்னை விலகச் சொல்லிக் கத்தினார். நான் ஓடிவந்து உன்னை இழுத்தேன். அடுத்த கயிறு நீ இருந்த இடத்தில் வந்து விழுந்தது. நீ பயந்த மாதிரியே தெரியவில்லை. “நல்லா வந்திருக்கு, பாரேன்” என்று போனை நீட்டினாய்.

இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் வெட்ட வந்த குடும்பம் உன்னுடையது. நான் ராமநாதபுரத்துக்காரி. என் பேச்சை நீயும் உன் “என்னாத்துக்கு”வை நானும் கேலி செய்தே கடலைக் கடந்துவிடுவோம். நீ எடுத்ததெல்லாம் நூல்தான். மாவிலைகளைச் சேர்த்து முசுறு எறும்புகள் ஒட்டிவைத்த வெள்ளை இழையை எடுக்கப்போய்க் கழுத்தெல்லாம் கடி வாங்கினாய். பூக்காரியின் விரலில் சுற்றிய நார், என் ரவிக்கையில் தொங்கிய பிசிறு, எதையும் விட்டதில்லை. உன் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணை எல்லோரையும் போல நாமும் பௌதி, அதாவது அண்ணி, என்றே கூப்பிடுவோம். பழைய சேலைகளை அடுக்கி அவள் தைக்கும் போர்வைகளைக் கேட்டு வாங்கி, திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தை எடுப்பாய். “முடிச்செல்லாம் இங்கிட்டுதான இருக்கு” என்பாய்.

பிறகு உன் மார்பில் கட்டி வந்தது. தீவை விட்டு மெயின்லேண்டுக்குப் போனோம். உன் வீட்டுக்காரருக்கு லீவு முடிந்துவிட, ஆஸ்பத்திரியில் உன்னோடு நான் இருந்தேன். ஆபரேஷன் முடிந்து நர்ஸ் கட்டைப் பிரித்த அன்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இங்க பாரு. போனை எடு.”

“என்னாத்துக்கு?” என்றேன், உன்னைப் போலவே.

“இதுவும் நூல்தானே. எத்தனை அழகா தைச்சிருக்காங்க.”

“பைத்தியமா உனக்கு? என்னால முடியாது.”

“என்னாலயும் பாக்க முடியல, புள்ள. அதான் எடுக்கச் சொல்றேன். படமா இருந்தா பாத்துடுவேன்.”

அப்போதுதான் உன் குரல் உடைந்தது. எடுத்தேன். முதல் படம் கலங்கலாக வந்தது. இன்னொன்று எடுக்கச் சொன்னாய். வெகுநேரம் அதைப் பார்த்தாய். பிறகு அழுதாய். அன்று சாயங்காலம் இட்லி கேட்டுச் சாப்பிட்டாய்.

ஊர் திரும்பி முடி வளரத் தொடங்கியதும், நம் ஆட்களின் பொங்கல் விழாவில் உன் படங்களை மாட்ட இடம் கொடுத்தார்கள். தையல் படத்தைப் பார்த்ததும் விழாப் பொறுப்பாளருக்கு முகம் மாறியது.

“இது வேணாம்மா. எல்லாரும் குடும்பத்தோட வருவாங்க.”

“குடும்பத்துல இருந்தப்பதாங்க எனக்கும் வந்துச்சு” என்றாய் நீ. அவர் ஒதுங்கி வழிவிட்டார். எறும்பு இழைப் படத்துக்கும் பௌதியின் போர்வைப் படத்துக்கும் நடுவே அது தொங்கியது.

பலர் எட்டிப் பார்த்துவிட்டு வேகமாக நகர்ந்தார்கள். தன் போர்வையைப் பார்க்க வந்த பௌதி மட்டும் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றாள். கூட்டம் குறைந்ததும் உன்னை ஓரமாகக் கூப்பிட்டு, “மேரே கோ பீ ஹை, தீதி” என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள். தனக்கும் கட்டி இருப்பதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். மறுநாள் நீ ஆபீசுக்கு வரவில்லை. அவளோடு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். அவளுடையது ஆரம்ப நிலை. சிகிச்சையில் சரியாகிவிட்டது.

உன்னுடையது திரும்பி வந்தது. இந்த முறை மெயின்லேண்ட் வேண்டாம் என்றாய். கடைசி மாதங்களில் போனைப் பிடிக்க உனக்குத் தெம்பில்லை. எதை எடுக்க வேண்டுமென்று நீ கண்ணால் காட்டுவாய், நான் எடுப்பேன். கொசுவலையின் கிழிசல்கூட உனக்குப் பார்க்க வேண்டியதாக இருந்தது.

போன மாதம் பௌதியின் மகளுக்குக் கல்யாணம். மகளின் மணிக்கட்டில் மஞ்சள் நூலைக் கட்டியபோது, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, “போட்டோ லோ, தீதி, ஜல்தி!” என்று கத்தினாள். முழங்கையால் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய் எடுத்தேன். நூலைவிட அதைக் கட்டும் பௌதியின் விரல்கள்தான் நன்றாக விழுந்திருக்கின்றன. உனக்குப் பிடித்திருக்கும்.

நானும் வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகிறேன். எங்கள் ஆபீசிலிருந்து ஒருத்தியையாவது கூட்டிக்கொண்டுதான் போவது. இந்த முறை இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் மூவருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டரம்மா, “யாரும் சொல்லாமலே வர்றீங்களே, யார் பழக்கினது?” என்று கேட்டார்.

“என் ஃபிரண்டு” என்றேன்.

“நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க அவங்ககிட்ட.”

நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி, சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொல்லிவிட்டேன்.