ஆட்சேபணை இல்லை

மே 6
முட்டி வலி. ஆனாலும் பேத்தி கிளம்பும்போது வாசல் வரை போனேன். நீலச் சட்டை, கழுத்தில் படம் ஒட்டிய அட்டை. எரிவாயுக் குழாய்க் கம்பெனியில் களப்பணி. தாயில்லாப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று அன்றைக்கு உச்சுக் கொட்டியவர்கள் இன்றைக்கு வந்து பார்க்கட்டும். வாசலை இரண்டு தடவை பெருக்கினேன். எங்கே போகிறாள் என்று நாலு பேர் கேட்டார்கள். நாலு பேருக்கும் சொன்னேன். கேட்காத ஒருத்திக்கும் சொன்னேன்.

மே 9
முகம் சுண்டிப்போய் வந்தாள். வீடு வீடாகச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டுமாம். முதல் தெரு நம் தெருவே. ஒருத்தர் குழாய் வெடிக்கும் என்றாராம், ஒருத்தர் கதவையே திறக்கவில்லையாம். நாளைக்கு நான் கூட வருகிறேன் என்றேன். நீ எதுக்கு பாட்டி என்றாள். இந்தத் தெருவில் மருந்துச் சீட்டும் பள்ளிக்கூடத்துக் கடிதமும் பாதிப் பேருக்குப் படித்துச் சொல்வது யார்? ஐந்தாம் வகுப்புதான். ஆனால் அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு.

மே 10
ஒரே காலையில் இருபத்திரண்டு வீடு. நான் போய் நின்றால் திறக்காத கதவா?

கடைசியாகத் தெருமுனை மரத்தடி. இஸ்திரிக்காரியும் அவள் புருஷனும் பத்து வருஷமாகத் தள்ளுவண்டி போட்டிருக்கும் இடம். அவள் கரிப்பெட்டியை இழுப்பாள். கால் சரியில்லாத அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்து மடிப்பார். என்னைக் கண்டதும், "ஹெட்மாஸ்டரம்மா இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தாச்சு, கையக் கட்டி நில்லுடி" என்றார். இந்த ஆளுக்கு வாய் மட்டும் நன்றாக நடக்கும்.

அவர்களுக்கு மட்டும் நாலு பக்கப் படிவம். மரத்துக்குப் பக்கத்தில் எரிவாயுவின் அழுத்தம் குறைக்கும் பெட்டி ஒன்று வரப்போகிறதாம், அதனால். பேத்திக்கு போன் வந்தது. நீயே படிச்சுச் சொல்லிடு பாட்டி என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போனாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகச் சத்தமாகவே படித்தேன். மூன்றாம் பக்கம் ஆபீஸ் தமிழ், ஒரு வாக்கியம் பத்து வரி. மற்றதெல்லாம் வழக்கமாக எழுதுகிறதுதான் என்று புரட்டிவிட்டேன். அதையெல்லாம் யார்தான் படிக்கிறார்கள்? நீங்க படிச்சா சரிதான் அக்கா என்று அவள் கைநாட்டு வைத்தாள்.

பேத்தி ராத்திரி சாப்பிடும்போது, மேலாளர் பாராட்டினார் என்றாள்.

மே 28
தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சோற்றில்கூட மண். மரத்தின் வேரை மெஷின் வைத்து அறுத்தார்கள். கை தடிமன் வேர், உள்ளே வெள்ளை வெளேரென்று. குழாய் போகணும்ல என்றான் அறுத்தவன். போகத்தான் வேண்டும்.

சிலிண்டர் தூக்கி வரும் ஆள் டீ குடித்தான். இனிமேல் குழாய்க்கா பாட்டி டீ ஊத்துவீங்க என்றான். சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஜூன் 30
என் அடுப்பில் குழாய் எரிவாயு. நீல நெருப்பு, சத்தமில்லை. இனி சிலிண்டர் தீர்ந்தது, வரவில்லை என்ற பேச்சே இல்லை. பொய் சொல்லக் கூடாது, மனசு நிறைந்துதான் இருந்தது.

இஸ்திரிக்காரி பார்க்க வந்தாள். கையை நெருப்புக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தாள். புகையே இல்லையே அக்கா என்றாள். அவர்கள் இருக்கும் பின்வரிசை வீடுகளுக்குக் கிடையாதாம், பட்டா இல்லை. குழாய் அவர்கள் வாசலை ஒட்டித்தான் போகிறது.

ஜூலை 8
மரத்தடியில் அந்த எரிவாயுப் பெட்டிக்கு இரும்புக் கூண்டு வந்துவிட்டது. மஞ்சள் பெயிண்ட், சிவப்புப் பலகை, ஒரு காவல்காரன். இருபது அடிக்குள் நெருப்பு கூடாது, வண்டியை எடு என்று சூப்பர்வைசர் நிற்கிறான். கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தீர்கள் என்கிறான். இஸ்திரிக்காரியின் புருஷன், அப்படி ஒன்றும் அதில் இல்லை, ஹெட்மாஸ்டரம்மா படித்தார்கள், அவர்களையே கேளுங்கள் என்று என்னைக் காட்டினார்.

அப்படி ஒன்றும் இல்லை என்று நானும் சொன்னேன். குரலை உயர்த்தியே சொன்னேன்.

"மூணாம் பக்கம் பாருங்கம்மா" என்றான் அவன்.

ஜூலை 9
பேத்தி குளிக்கப் போனபோது அவள் கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துப் படித்தேன். எழுத்துக் கூட்டி, நாலு தடவை. எல்லைக்குள் நெருப்பு கூடாது. அங்கே தொழில் செய்கிறவர்கள் முப்பது நாளுக்குள் வேறு இடம் கேட்டு எழுதிக் கொடுத்தால் கம்பெனி இடம் கொடுக்கும். அப்படி எழுதிக் கொடுக்காவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

அறுபது நாள் ஆகிவிட்டது.

கீழே ஒரு கட்டம். ‘விளக்கிச் சொல்லப்பட்டது.’ பேத்தி டிக் போட்டிருக்கிறாள். நான் சொல்லியிருப்பேன் என்று நம்பிப் போட்டிருக்கிறாள். இப்போது வாயைத் திறந்தால் அவள் கழுத்துக்குத்தான் கத்தி. திறக்காவிட்டால்?

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 22
மரத்தை வெட்டிவிட்டார்கள். வேர் போனதில் ஏற்கனவே பாதி இலை பழுத்துக் கிடந்தது. இங்கிருந்தே இப்போது கூண்டு தெரிகிறது.

ஆகஸ்ட் 2
இஸ்திரிக்காரி எங்கே வண்டி போட்டாலும் விரட்டுகிறார்கள். கடைக்காரர் புகை என்கிறார், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் என்கிறார்கள். மின்சார இஸ்திரிப் பெட்டி போட்டால் பின்வரிசை முழுக்க விளக்கு போய்விடுகிறதாம். என்ன பண்றது அக்கா என்று வந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாக வேலை இல்லை. என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லி அனுப்பினால் போதும் என்று இருந்தது.

"வீட்டுக்குள்ளயே வெச்சுத் தேய். யார் வந்து பாக்கப் போறா?"

காவல்காரன் சுற்றி வருகிறானே என்றாள்.

"கதவச் சாத்திக்க."

ஆகஸ்ட் 4
எங்கள் துணி வந்தது. மடிப்பு கத்தி மாதிரி. நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 19
எப்படி எழுதுவது

மழை. பத்து மணிக்கு இஸ்திரிக்காரி துணி கொண்டுவந்தாள். தலை இடிக்குது அக்கா, ரெண்டு நாளா இப்படித்தான் என்றாள். உட்காரு, டீ குடி, மழை விடட்டும் என்றேன். நான்தான் உட்கார வைத்தேன். அவரும் காலையிலிருந்து வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று படுத்திருக்கிறார் என்றாள். ஏதாவது கண்டதைத் தின்றிருப்பார் என்று நான் கிண்டல் பண்ணினேன். அரை மணி நேரம் பேசியிருப்போம். கரிச்சட்டியைத் தணலோடு உள்ளே வைத்துவிட்டு, சாரல் அடிக்கிறதென்று கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் போட்ட சத்தம் இங்கே கேட்டது.

நான் போனபோது அவர் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முகம் சிவந்து, தூங்குகிற மாதிரி. பக்கத்தில் தண்ணீர் தெளித்து வைத்த சட்டைகள். கரிப்புகையில் கண்ணுக்குத் தெரியாத விஷம் இருக்கிறது, கதவைச் சாத்தினால் ஆளைக் கொல்லும் என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார்.

எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது.

ஆகஸ்ட் 20
அடுப்புப் பற்றவைக்கவில்லை.

ஆகஸ்ட் 25
விசாரிக்கப் போலீஸிலிருந்து ஒருத்தர் வந்தார். சாவுக்கு இஸ்திரிக்காரியின் அஜாக்கிரதைதான் காரணம் என்று அவள் மேல் வழக்காம். நெருப்பு கூடாது என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது, வேறு இடம் தருகிறோம் என்றும் சொல்லியாகிவிட்டது, கேட்காமல் வீட்டுக்குள் மூட்டியிருக்கிறாள் என்கிறது கம்பெனி. விளக்கிச் சொன்னீர்களா என்று பேத்தியைக் கேட்டார். சொன்னோம் சார் என்றாள். அவருக்கு டீ கொடுத்துக்கொண்டு நின்றேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அதற்குத்தான் எனக்கு வாய் வந்தது.

ஆகஸ்ட் 30
பேத்தியிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் பக்கத்தை நான் தாண்டியது, ஜூலையிலேயே தெரிந்தது, உள்ளே வைத்துத் தேய் என்றது, எல்லாம்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன் பேசப் போகாமல் இருந்திருந்தால் என்று முணுமுணுத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"புரியலன்னு ஒரு வார்த்தை சொல்றதுல என்ன பாட்டி குறைஞ்சு போயிருப்ப?"

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தேன்.

"உண்மையச் சொன்னா என் வேலை போகும். சொல்லலைன்னா அவங்க ஜெயிலுக்குப் போவாங்க. நீயே சொல்லு. நீதானே தெருவுக்கே படிச்சவ."

அடித்திருந்தால்கூட வலித்திருக்காது.

செப்டம்பர் 2
காலையில் இஸ்திரிக்காரி வந்தாள். பாதியாக இளைத்துவிட்டாள். வழக்குக்கு மனு எழுத வேண்டும், நீங்கதான் எழுதித் தரணும் அக்கா என்று வெள்ளைத் தாள் வாங்கி வந்திருந்தாள்.

உட்காரச் சொன்னேன். எழுதுவதற்கு முன்னால் வாயால் சொன்னேன். எனக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி படித்தேன், வேறு இடம் கேட்டால் கொடுத்திருப்பார்கள் என்று. கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை.

ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கதவச் சாத்தச் சொல்லி அந்தத் தாள்ல இருந்துச்சா?"

"இல்ல. அது நான் சொன்னது."

தலையை ஆட்டினாள். எழுதுங்க என்றாள்.

எழுதினேன். அவள் வாயாக எழுதினாலும் எல்லாம் என் சங்கதி. படித்துக் காட்டியவர் இன்னார், மூன்றாம் பக்கத்தைப் படிக்கவில்லை, உள்ளே வைத்துத் தேய்க்கச் சொன்னதும் அவரே. பேத்தி டிக் போட்டதையும் எழுதினேன். அந்த இடத்தில் பேனா நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அப்புறம் எழுதினேன்.

வரிக்கு வரி படித்துக் காட்டினேன். கைநாட்டு வைத்து, தாளை மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். வரேன் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 11
பேத்தியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பேசுகிறாள். தண்ணி எடு, கதவைப் போடு, அவ்வளவுதான்.

செப்டம்பர் 19
பதிவுத் தபால். கொண்டுவந்த பெண் கையெழுத்துப் போடச் சொன்னாள். முதலில் பிரித்துப் படித்துச் சொல்லம்மா, எனக்கு இந்தத் தமிழ் புரியாது என்றேன். எதிர்வீட்டுக்காரி கோலிக் குண்டு மாதிரி கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தாள். பார்க்கட்டும்.

இஸ்திரிக்காரி மேல் போட்ட வழக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருபத்தாறாம் தேதி விசாரணை. பேத்தியும் வர வேண்டும், நானும் வர வேண்டும். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி அர்த்தம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். கடைசி வரியை அவள் வேகமாகப் படித்துவிட்டு மடிக்கப் போனாள்.

"அது என்னம்மா, அந்தக் கடைசி வரி?"

தயங்கினாள். "உங்க மேலயும் கேஸ் வரலாம்னு போட்டிருக்கு பாட்டி."

உள்ளே பேத்தி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

சரி, இது புரிகிறது என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டேன்.