செம்மொழியின் கைகள்

தஞ்சாவூர்
12.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு வானதி எழுதுவது. அண்ணியும் செம்மொழியும் சுகம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள் என்றுதான் இந்தக் கடிதம்.

திருக்கடையூரில் சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று உங்கள் பெண்ணைப் பார்த்ததிலிருந்து மனம் சரியில்லை. பேச ஆரம்பித்தால் அவளுக்கு இரண்டு கையும் பறக்கும். அன்று ஒரு மணி நேரம் பேசினோம். கை மடியை விட்டு எழவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது நின்ற இடத்திலேயே நின்றாள். சரியாகத் தூங்குவதில்லை, யாரோடும் சேருவதில்லை என்று அண்ணியும் சொன்னார்கள். நான் நர்ஸாக இருக்கிற மனநல வார்டில் இப்படி ஆரம்பித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இது நோய்தான் என்று சொல்லவில்லை. பதினேழு வயதில் உடம்பின் அசைவே மாறினால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சீக்கிரம் வந்தால் நிறையச் செய்யலாம் அண்ணா.

உங்கள் தங்கை
வானதி

பாபநாசம்
18.6.2024

வானதிக்கு,

அன்று வந்தவர்கள் எல்லாம், "பொண்ண எவ்வளவு அடக்கமா வளர்த்திருக்கீங்க" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். உன் கண்ணுக்கு மட்டும் வியாதி தெரிகிறது. கையை ஆட்டிப் பேசாதே என்று இரண்டு வருஷமாகக் கண்டித்தவன் நான். சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். உன் வார்டுக்கு என் பிள்ளையை இழுக்காதே. வெளியே தெரிந்தால் நாளைக்கு அவளை யார் கட்டுவார்கள்? இந்தப் பேச்சோடு என் வீட்டுப் படி ஏறாதே.

இளையபெருமாள்

தஞ்சாவூர்
21.6.2024

அண்ணா,

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். உங்களுக்குப் பயந்து அடங்கிய கை என்றால், நீங்கள் இல்லாத இடத்தில் ஆடும். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் பாருங்கள். அது போதும்.

வானதி

பாபநாசம்
2.7.2024

அன்புத் தங்கை வானதிக்கு,

குறுவை நடவு வேலையில் பதில் எழுத நேரமில்லை என்று சொன்னால் பொய். பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு படிக்கிற குந்தவை வந்திருந்தாள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்துக் கதை சொல்கிறாள். நம் பிள்ளையும் பதில் சொன்னாள், கை அசையவில்லை. குந்தவை போனதும் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா இனிமே திட்ட மாட்டேன், கைய ஆட்டியே பேசும்மா" என்றேன். தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எப்படிப்பா?" என்று கேட்டாள்.

வயலுக்குப் போகிறேன் என்று எழுந்து போய் அழுதேன்.

கோபத்தில் எழுதியதை மனதில் வைக்காதே. அடுத்த வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அழைத்து வருகிறோம். வேறு சாக்குச் சொல்லவில்லை, டாக்டரைப் பார்க்கத்தான் என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே நில்லம்மா. டாக்டரிடம் நீயே பேசு, எனக்கு வாய் வராது.

அண்ணன்
இளையபெருமாள்