குளிரில் வெளியே எடுக்காத மட்டை

அப்பாவுக்கு,

படகு மோட்டாரை விற்றுத்தான் நீங்கள் என் சாஃப்ட்பால் மட்டையை வாங்கினீர்கள் என்று நேற்று பயிற்சியாளரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டிருப்பார். அது எனக்கு வேண்டாம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நலம்.

இங்கே வடக்கு டகோட்டாவில் இன்னும் மைதான ஓரமெல்லாம் பனிதான். இந்தக் குளிரில் கார்பன் மட்டை இறுகிவிடும். பந்து பட்டால் விரிசல் விடும். அதனால் பேருந்தில் அதை என் போர்வைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

"புருஷன் தூங்கிட்டாராடி?" என்று போர்வைக்குள் இருந்த மட்டையைக் காட்டிக் கேட்டாள் அணித்தோழி கிரெட்சன்.

"மெதுவாப் பேசு, எழுந்துடுவாரு."

நேற்று ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தோம். என் முறை வந்தபோது அணியின் பழைய அலுமினிய மட்டையை எடுத்தேன். பயிற்சியாளர் ஹோல்ம் வழிமறித்தார்.

"நெரெய்டா, அந்த நல்ல மட்டை எதுக்கு? அழகு பாக்கவா?"

"வெயில் வரட்டும், கோச். இப்ப எடுத்தா உடைஞ்சிடும்."

"இதால அவுட் ஆனா சனிக்கிழமை ஆட்டம் கிடையாது, பெஞ்சுதான்."

"சரி, கோச்."

படகில் நீங்கள் தோளில் போடும் பழைய துண்டை அனுப்புங்கள், மட்டையைச் சுற்றி வைக்க வேண்டும். துவைக்க வேண்டாம். நம் ஊர்க் காபித்தூளும் கொஞ்சம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

நெரெய்டா

பி.கு.: என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உள்ளங்கை எரிய ஓங்கி அடித்தேன், பந்தைப் பிடித்துவிட்டார்கள். சனிக்கிழமை நான் பெஞ்சில் இருப்பேன். நீங்கள் வாங்கித் தந்த மட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.